தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிக் கழிவு உண்டா? இருக்கத்தான் வேண்டுமா?

கேட்டவர்: செராய் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கெடா மாநிலம் பாடாங் செராயில் இருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, மகள் அதே பள்ளியில் மூன்றாம் ஆண்டு.

மகன் அடுத்த ஆண்டு முதலாம் படிவத்துக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்குப் போக வேண்டும். அவனைச் சுங்கைப்பட்டாணியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்லி நாத்தனார் விடாமல் பேசுகிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். போய்ப் பார்த்தோம். ஆண்டுக் கட்டணம் 14,400 வெள்ளி (ரிங்கிட்), பதிவுக் கட்டணம் 1,500, புத்தகமும் சீருடையும் 1,800, பள்ளி வேன் மாதம் 280. திருப்பித் தரக்கூடிய முன்பணத்தைச் சேர்க்காமலேயே முதல் ஆண்டு 20,000 வெள்ளியைத் தாண்டுகிறது. எனக்கு ஓவர்டைம் சேர்த்து மாதம் 3,700 வருகிறது. அவருக்கு 2,600. வீட்டு வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் ஒரே பிள்ளையின் கட்டணத்துக்குப் போய்விடும்.

எங்கள் தயக்கத்தைப் பார்த்த அந்தப் பள்ளி அலுவலர் ஒரு வழி சொன்னார். கட்டணத்தில் 5,000 வெள்ளியைப் பள்ளி அறக்கட்டளைக்கு நன்கொடையாக எழுதிக்கொள்ளலாமாம். வரி விலக்கு ரசீது தருவார்களாம். கட்டணத்தில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்களாம். "எல்லாப் பெற்றோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். கேட்ட நிமிடத்திலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. இது சரிதானா? தனியார் பள்ளிக் கட்டணத்துக்கென்று நேரடியான வரிக் கழிவு எதுவும் இல்லையா? எல்லாத் தனியார் பள்ளிக்கும் 6 விழுக்காடு சேவை வரி வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, அது உண்மையா?

இன்னொன்றும் மனத்தை அரிக்கிறது. அதே வாரம் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. பழைய மின்கம்பிகளை மாற்ற வேண்டும், குடும்பத்துக்கு 50 வெள்ளி தாருங்கள் என்று கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, பேரனுக்காக வந்தவர், சுருக்குப்பையிலிருந்து எண்ணி எடுத்து அங்கேயே கொடுத்துவிட்டார். அரசாங்கம் எனக்கு வரியில் விட்டுக்கொடுக்கும் பணம் அந்த வகுப்பறைக்குப் போக வேண்டிய பணம்தானே? சலுகை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் இது நியாயமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

பதில்: கூலிம் கணக்கர்

சகோதரி, அந்த அலுவலர் சொன்ன வழியில் போகாதீர்கள். வருமான வரிச் சட்டம் 1967, 44(6) பிரிவின் கீழ் கழிவு கிடைப்பது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு மனமுவந்து கொடுக்கும் பண நன்கொடைக்கு. கொடுத்தவருக்குக் கைம்மாறாக எதுவும் கிடைக்கக் கூடாது. 5,000 கொடுத்து, அதற்கு ஈடாக உங்கள் மகனின் கட்டணம் 5,000 குறைந்தால் அது கட்டணம்தான், ரசீதில் என்ன பெயர் எழுதினாலும். தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ரசீதைக் காட்டிக் கழிவு கேட்டவர்.

நேரடிக் கழிவு இருக்கிறதா என்று கேட்டீர்கள். தொடக்கப்பள்ளிக்கோ இடைநிலைப்பள்ளிக்கோ கட்டும் தனியார் கட்டணத்துக்குக் கழிவு இல்லை. 6 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பாலர் பள்ளி, குழந்தைப் பராமரிப்புக் கட்டணம் 3,000 வெள்ளி வரை உண்டு. 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,000 உண்டு. 18ஐத் தாண்டி உள்நாட்டில் டிப்ளோமா அல்லது அதற்கு மேல் முழுநேரம் படித்தால் 8,000 வரை போகும். நடுவில் உள்ள பதினோரு ஆண்டுப் பள்ளிப் படிப்பு அரசாங்கமே கொடுப்பது என்பதால் அங்கே கட்டணக் கழிவு வைக்கவில்லை.

நீங்கள் சொன்ன எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். உங்கள் வருமானம் ஆண்டுக்கு 44,400. தனிநபர் கழிவு 9,000, ஊழியர் சேமநிதிக்கு 4,000, இரண்டு பிள்ளைகளுக்கு 4,000. மீதி 27,400. முதல் 20,000க்கு வரி 150. அடுத்த 7,400க்கு 3 விழுக்காடு, அதாவது 222. மொத்தம் 372 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளித் தள்ளுபடி இருக்கிறது. ஆக, நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். உங்கள் கணவருக்கும் அப்படியே. அந்த 5,000 வெள்ளி ரசீதால் உங்களுக்கு ஒரு காசு மிச்சமாகாது. சட்டத்தை மீறிய பழி மட்டும் மிஞ்சும்.

உங்கள் நியாயக் கேள்விக்கும் இதே கணக்கில் பாதிப் பதில் இருக்கிறது. நாளையே 20,000 வெள்ளி வரை தனியார் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு தருகிறோம் என்று நிதியமைச்சு அறிவித்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. வரிக்குரிய வருமானத்தில் 1,00,000க்கு மேல் உள்ள பகுதிக்கு 25 விழுக்காடு கட்டும் ஒருவருக்கு அதே கழிவு 5,000 வெள்ளி வரை மிச்சப்படுத்தும். கழிவு என்ற ஏற்பாடு வேலை செய்யும் முறையே இதுதான். வரி கட்டாதவரிடம் அது வந்து சேராது.

சேவை வரிச் செய்தியும் அரைகுறை. 2025 ஜூலை 1 முதல் தனியார் பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளிக் கட்டணத்துக்கு 6 விழுக்காடு வந்தது உண்மை. ஆனால் ஒரு மாணவருக்கு ஓர் ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் பள்ளிகளுக்குத்தான். 14,400க்கு அந்த வரி இல்லை. பள்ளி அதைக் காரணம் காட்டிக் கூடுதல் கேட்டால் எழுத்தில் கேளுங்கள்.

---

பதில்: தோட்டத்து வாரியம்

மகளே, நான் உங்கள் ஊர்ப் பக்கம்தான். ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத் தமிழ்ப்பள்ளி வாரியத்தில் நீண்ட காலம் இருக்கிறேன். நீங்கள் எழுதிய அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் தந்த பணத்தில்தான் எங்கள் பள்ளியின் கழிப்பறைக்குக் கூரை போட்டோம். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்றது. துரைமார்கள் வைத்தார்கள். எங்கள் பள்ளி, தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டடம். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் கங்காணியே பாடம் சொல்லித் தந்த காலத்தை என் அப்பா கண்டிருக்கிறார். நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் அந்தப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன, ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நிலம்? நிலம் தோட்டக் கம்பெனியுடையதாகவே நின்றுவிட்டது.

அந்த ஒரு காரணத்தால் நாங்கள் இன்றுவரை "பகுதி உதவி பெறும் பள்ளி". முழு உதவி பெறும் பள்ளிக்கு அரசாங்கமே கட்டடம் கட்டும், பழுது பார்க்கும். எங்களுக்கு ஆசிரியர் வருவார், பாடநூல் வரும், வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவச உணவு வரும், தலைக்கு இவ்வளவு என்று மானியமும் வரும். சுவர் வெடித்தால் வாரியம் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறொருவர் நிலத்தில் அரசுப் பணத்தைப் போட அதிகாரிகள் தயங்குவார்கள், ஒரு சுவர் கட்டவும் கம்பெனியின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். தோட்டம் கைமாறும்போதெல்லாம் கடிதப் போக்குவரத்தை முதலிலிருந்து தொடங்குவோம். உங்கள் பள்ளி மின்கம்பிக்குக் குடும்பத்துக்கு 50 வெள்ளி கேட்டதும் இப்படி ஒரு சிக்கலால்தான் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள், குடும்பங்கள் தாமான்களுக்கு (நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு) போயின. இப்போது தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் "குறைந்த மாணவர் பள்ளி" என்று பெயர். எங்கள் பள்ளி எப்போதோ அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்ற மானியம் தலை குறையக் குறைய இறங்கும், ஓட்டுக் கூரையின் அளவு இறங்குமா?

இப்போது நன்கொடை விஷயத்துக்கு வருகிறேன். கணக்கர் தம்பி சொன்ன 44(6) எங்களுக்கு நெஞ்சில் குத்திய முள். ஒரு தொழிற்சாலை எங்கள் பள்ளிக்குக் கணினி அறை கட்டித்தர முன்வந்தது. "வரி விலக்கு ரசீது தருவீர்களா?" என்று கேட்டார்கள். எங்கள் வாரியத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லை. விண்ணப்பிக்கச் சட்டவிதிகள், தணிக்கை செய்த கணக்கு, கூட்டக் குறிப்பு என்று ஒவ்வொன்றாய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் செயலாளர் பகலில் பால்பண்ணை, இரவில் பாதுகாவலர் வேலை. அந்தப் பணம் ரசீது தரக்கூடிய வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அந்தத் தொழிற்சாலையை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கணக்கு அவர்களுக்கு. ஆனால் வரிச் சலுகை யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். அலுவலகமும் கணக்காளரும் அறக்கட்டளையும் வைத்திருக்கும் பள்ளியிடம் அது தானாக நடந்து போகும். பலகைக் கட்டடத்துப் பள்ளி அதைத் தேடி ஓட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு பட்ஜெட்டில் தனியார், அனைத்துலகப் பள்ளிகளுக்கு 5 ஆண்டுகள் 70 விழுக்காடு வருமான வரி விலக்கு, இல்லாவிட்டால் முதலீட்டுக்குக் கழிவு என்று அறிவித்தார்கள். அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டு மாணவர் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் அந்தச் சமயத்தில்தான் நீங்கியது. அப்புறம் அந்தப் பள்ளிகள் பெருகின. வரியில் விட்டுக்கொடுக்கும் பணமும் பொதுப் பணம்தான். தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கீடு என்றால் பத்திரிகையில் வரும், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பார்கள், எங்கே செலவானது என்று அலசுவார்கள். விட்டுக்கொடுத்த வரியை யாரும் அப்படி அலசுவதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

அதனால் என் பதில் தெளிவு: தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிக் கழிவு கொடுக்கக் கூடாது. மாதம் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளி வருமான வரி கட்டுவதில்லை என்பதற்காக அவர் ஒன்றும் தரவில்லை என்று நினைக்க வேண்டாம். அவர் வாங்கும் பொருளில், கட்டும் பில்லில் விற்பனை, சேவை வரி இருக்கிறது. அவர் பணமும் சேர்ந்து ஓடுகிற கருவூலம் அது. முதலில் அவர் பிள்ளையின் வகுப்பறை ஒழுகாமல் இருக்கட்டும்.

உங்கள் மகனை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் குடும்ப முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன்.

---

பதில்: லூனாஸ் வாணி

ஐயாவின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் "கொடுக்கக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் மகனுக்கு எழுத்துகள் புரண்டு தெரியும். இரண்டாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில்தான் இருந்தான். ஆசிரியை நல்லவர், அவனை அருகில் உட்காரவைத்துச் சொல்லித்தருவார். ஆனால் அவரிடம் மொத்த வகுப்பும் இருக்கிறது. சிறப்புக் கல்வி வகுப்பு எங்கள் பள்ளியில் இல்லை. இருக்கும் பள்ளி தொலைவில், வேறு மொழியில். கடைசியில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் சேர்த்தோம். நகை அடகில் இருக்கிறது. நாங்கள் பணக்காரர்கள் என்பதால் அங்கே போகவில்லை, அரசுப் பள்ளியில் அவனுக்கு இடம் இல்லாததால் போனோம். இப்படிப்பட்ட குடும்பங்களையும் ஐயா சொல்லும் வசதிக்காரர்களோடு சேர்த்து எண்ணுவது வலிக்கிறது.

இதே நிலையில் உள்ள பெற்றோர் யாராவது படித்தால்: 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைக்கும், தொடக்கநிலைப் பயிற்சிக்கும் கழிவு உண்டு, 2025 மதிப்பீட்டு ஆண்டில் அது 6,000 வெள்ளி வரை இருந்தது. மருத்துவச் செலவுப் பிரிவில் வரும். மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருக்கும் மலேசிய மாணவருக்கு அந்த 6 விழுக்காடு சேவை வரியும் கிடையாது. எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு சீனத் தாய் சொல்லித்தான் தெரியும்.

---

பதில்: தோட்டத்து வாரியம்

வாணி அம்மா, உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதை அரசாங்கம் கொடுக்கவில்லை. அதற்கு ஈடு கேட்பது உங்கள் உரிமை. நான் மறுக்கவில்லை. அது கழிவாக வந்தால் வரி கட்டும் தாய்க்கு மட்டும் கிடைக்கும், உங்களைப் போல் நகையை அடகு வைத்தவருக்குக் கிடைக்குமா? நேரடி உதவித் தொகையாக வர வேண்டும், அல்லது அந்தச் சிறப்பு வகுப்பு நம் பள்ளிக்கே வர வேண்டும் என்பேன். வசதிக்காரர்களோடு சேர்த்து எண்ணியதாக நீங்கள் உணர்ந்திருந்தால் அது என் எழுத்தின் குறை, மனத்தின் குறை இல்லை.

---

பதில்: இடைநிலை ஆசிரியர்

வரி பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பள்ளி பற்றி மட்டும் சொல்கிறேன். செராய் அம்மா, அந்தத் தனியார் பள்ளி எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறது என்று கேட்டீர்களா? ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்பிஎம் என்றால் ஒரு கணக்கு, பிரிட்டிஷ் பாடத்திட்டத் தேர்வான ஐஜிசிஎஸ்இ என்றால் வேறு கணக்கு. பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்புக்கு எஸ்பிஎம் வேண்டும். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாமல் எஸ்பிஎம் சான்றிதழ் கைக்கு வராது. ஐஜிசிஎஸ்இ மட்டும் வைத்திருக்கும் பிள்ளை பெரும்பாலும் தனியார் கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருக்கும், அங்கே கட்டணம் மறுபடி தொடங்கும். ஐந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி என்று நீங்கள் போடும் கணக்கு அங்கே முடிவதில்லை.

இன்னொன்று தமிழ். தேசிய இடைநிலைப்பள்ளியில் 15 பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு வைக்கக் கல்விச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பெற்றோர் முதல் வாரத்திலேயே கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுங்கள், தாமதித்தால் கால அட்டவணை முடிந்துவிட்டது என்பார்கள். பல தனியார் பள்ளிகளில் தமிழ் பாடமே கிடையாது.

---

பதில்: செராய் அம்மா

எல்லாருக்கும் நன்றி. அது ஐஜிசிஎஸ்இ பள்ளி. கையேட்டில் சிறிய எழுத்தில் இருந்தது, நாத்தனாரும் அதைச் சொல்லவில்லை. தமிழ் இல்லை, கேட்டுவிட்டேன்.

நன்கொடை ரசீது வேண்டாம் என்று அந்த அலுவலருக்கு எழுதிவிட்டேன். மகனைப் பட்டணத்துத் தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்க்கலாம் என்று நானும் கணவரும் பேசியிருக்கிறோம், அவன் மலாய் மொழிக்கு டியூஷன் வைக்க வேண்டும். தமிழ் வகுப்புக்குப் பெற்றோர் கையெழுத்தை நான் சேகரிக்கிறேன். எங்கள் வகுப்பிலிருந்தே எட்டு ஒன்பது பேர் அந்தப் பள்ளிக்குப் போகிறார்கள்.

ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கில் இருப்பதை எடுத்து அந்த எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் போடலாமா என்று கணவர் கேட்கிறார். 8,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு என்று வங்கியில் யாரோ சொன்னார்களாம்.

வாரியத்து ஐயா, எங்கள் பள்ளியும் பகுதி உதவிப் பள்ளிதான். விசாரித்தேன். நிலம் இன்னும் தோட்டத்தின் பேரில் இருக்கிறது.

---

பதில்: கூலிம் கணக்கர்

சேமநிதியிலிருந்து எடுக்காதீர்கள், சகோதரி. எஸ்எஸ்பிஎன் கழிவு அந்த ஆண்டில் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்த நிகரச் சேமிப்புக்குத்தான். உங்கள் வரியே பூஜ்யம் என்பதால் அந்தக் கழிவால் பயனில்லை. மாதம் ஐம்பதோ நூறோ பிள்ளைகள் பேரில் போட்டு வந்தால் மேல்படிப்புக்கு ஆகும், அந்த நோக்கத்தில் நல்லது. வரி பூஜ்யமானாலும் உங்கள் பேரில் வரிக் கோப்பு இருந்தால் படிவத்தைக் கட்டாயம் அனுப்புங்கள். தாளில் ஏப்ரல் 30, இணையம் வழியாக மே 15 வரை. ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருங்கள்.

வாரியத்து ஐயாவுக்கு: 44(6) விண்ணப்பத்துக்கு உங்களிடம் உள்ள தாள்களை எனக்கு அனுப்புங்கள். கணக்கை ஒழுங்குபடுத்திப் படிவம் நிரப்பித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். செராய் அம்மாவின் பள்ளி வாரியமும் சேர்ந்துகொண்டால் இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிடலாம். கடைசி மூன்று ஆண்டு வரவு செலவுப் புத்தகம் முதலில் வேண்டும்.